சமையலறை வாசல் வழியே: ஹற்றி மக்டானியலின் கலைவாழ்வும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

சினிமாவின் வரலாறு பெரும்பாலும் நெறியாளர்களின் வரலாறாகவும் நட்சத்திரங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கதாநாயகிக்கு உடுப்பு மாட்டிவிடுபவள், விருந்து மேசைக்கு உணவு கொண்டு வருபவள், கதவைத் திறந்து விருந்தினரை உள்ளே விட்டுத் தான் வெளியேறுபவள் ஆகியோர் அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது. ஆயினும், ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தைக் கதாநாயகர்களிலும் பார்க்க இத்துணைப் பாத்திரங்களே தெளிவாகக் காட்டிவிடுகின்றன. யார் ஆளப் பிறந்தவர், யார் ஏவல் செய்யப் பிறந்தவர் என்பது பற்றி அச்சமுதாயம் எவ்வித விளக்கமுமின்றி ஏற்றுக்கொண்டுள்ள முடிவுகள் அவற்றிலேதான் பதிந்து கிடக்கின்றன.

இவ்வகையில் நோக்கும்போது, ஐக்கிய அமெரிக்காவின் குணசித்திர நடிகையான ஹற்றி மக்டானியலின் வாழ்வு தனிக் கவனத்துக்குரியது. மேடை, இசைத்தட்டு, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய ஐந்து துறைகளிலும் தொழிற்பட்டவர் அவர். ஒஸ்கார் விருது பெற்ற முதலாவது ஆபிரிக்க அமெரிக்கரும் அவரே. எனினும், திரையில் அவர் ஏற்ற பாத்திரங்களுள் மிகப் பெரும்பாலானவை பணிப்பெண் பாத்திரங்களே. இதனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே ஒரு வினா எழுந்தது. அவர் தம் இனத்தவர்க்கு வழி திறந்தவரா, அன்றி அவர்களது இழிநிலையைக் காட்சிப்பொருளாக்கி வாழ்ந்தவரா? இவ்வினாவை அவரது கலைவாழ்வின் வரலாற்றுச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

ஹற்றி மக்டானியல் 1890களில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில், பதின்மூன்று பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தையார் ஹென்றி மக்டானியல் உள்நாட்டுப் போரிலே கறுப்பினத்தவர் படைப்பிரிவொன்றிற் சேர்ந்து, அடிமைமுறையை ஒழிக்கப் போரிட்டவர். போரில் அடைந்த காயங்களுக்கான ஓய்வூதியத்தைப் பெறுவதற்கு அவர் நீண்டகாலம் அரசாங்கத்துடன் போராட வேண்டியிருந்தது. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால், 1896ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்று 'பிரித்து வைப்பினும் சமமே' என்னும் கோட்பாட்டின் மூலம் இனவொதுக்கலுக்குச் சட்டத்தின் அங்கீகாரத்தை அளித்தது. விடுதலை பெற்ற தலைமுறைக்குப் பிறந்த பிள்ளைகள், விடுதலை பின்வாங்கப்பட்ட காலத்திலே வளர்ந்தனர். ஹற்றியின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இம்முரண்பாடே திறவுகோலாகும்.

குடும்பம் பின்னர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரிற் குடியேறியது. 1910இல் மதுவிலக்குச் சங்கமொன்று நடத்திய ஒப்புவித்தற் போட்டியிலே பாடசாலை மாணவியான ஹற்றி தங்கப்பதக்கம் பெற்றார். அதன்பின் அவர் கல்வியை விட்டுக் குடும்பத்தாரின் அரங்கக் குழுவிற் சேர்ந்தார். 1914இல் சகோதரியுடன் இணைந்து பெண்களை மட்டுமே கொண்ட குழுவொன்றையும் அமைத்தார். அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்க்குத் திறந்திருந்த மேடை 'மின்ஸ்ரல்' எனப்படும் நகைச்சுவைக் கூத்தே. வெள்ளையர் தம் முகத்திற் கரி பூசிக் கறுப்பினத்தவரைப் பரிகசிக்கும் பொருட்டு உருவாக்கிய கூத்து அது. அதனையே பிழைப்புக்காகக் கறுப்பினத்தவரும் ஆட நேர்ந்தது. தம்மைப் பற்றிப் பிறர் வரைந்த கேலிச்சித்திரத்தைத் தாமே நடித்து, நடிக்கும்போதே அதனைச் சற்றுத் திருத்திவிடும் உபாயத்தை ஹற்றி கற்றுக்கொண்டது இம்மேடையிலேதான். பிற்காலத்தில் ஹொலிவூட்டில் அவர் கையாண்டதும் இவ்வுபாயமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1920களில் அவர் டென்வர் வானொலியிற் பாடினார். 1926க்கும் 1929க்கும் இடையில், தாமே இயற்றிய சிலவற்றையும் உள்ளடக்கிய 'புளூஸ்' பாடல்களை இசைத்தட்டுகளிற் பதிவு செய்தார். ஆனால், 1929இன் பொருளாதார வீழ்ச்சி மேடைத்தொழிலைக் குலைத்துவிட்டது. மில்வோக்கி நகரின் இரவு விடுதியொன்றிலே அவருக்குக் கிடைத்த வேலை பெண்கள் கழுவறைப் பணியாளர் வேலையாகும். இசைத்தட்டு வெளியிட்ட பாடகி, பிறர் கை துடைக்கத் துவாய் நீட்டும் நிலைக்கு வந்தார். பின்னர் அவ்விடுதியின் மேடையிலேயே பாடும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. 1931இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. வானொலியில் நகைச்சுவைப் பாத்திரமேற்றுப் புகழ் பெற்ற அதே காலத்தில், அவ்வருவாய் போதாமையால் வீடுகளிற் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். திரையில் அவர் நடித்த வேலையை, திரைக்கு வருமுன் கூலிக்குச் செய்தவர் அவர்.

ஹொலிவூட் வகுத்த இடம்

1930களின் ஹொலிவூட்டிலே கறுப்பினப் பெண்ணுக்கு வகுக்கப்பட்டிருந்த இடம் மிகக் குறுகியது. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலுறவைத் திரையிற் காட்டுவதைத் தடைசெய்தது. எனவே, வெள்ளைக் கதாநாயகன் தோன்றும் கதையொன்றிலே கறுப்பினப் பெண் கதாநாயகியாகும் வாய்ப்பு அடிப்படையிலேயே அற்றுப்போயிற்று. எஞ்சியது சமையலறை. இதற்குப் புறவுலகிலும் ஓர் அடிப்படை இருந்தது. 1940ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, தொழில் புரிந்த கறுப்பினப் பெண்களுள் ஏறத்தாழ 60 வீதத்தினர் வீட்டுப் பணியாளர்களாகவே இருந்தனர். ஆகவே, பணிப்பெண்ணைக் காட்டியமைக்காகத் திரையுலகைக் குறைகூற முடியாது. அவள் வேறெதுவாகவும் இருக்க முடியாதெனக் காட்டியமையும், அந்நிலையில் அவள் மகிழ்ந்திருந்தாளெனக் காட்டியமையுமே திரையுலகின் குற்றமாகும்.

இக்குறுகிய இடத்தினுள் ஹற்றி செய்தது என்ன? 1934இல் ஜோன் போர்ட் நெறிப்படுத்திய 'ஜட்ஜ் பிறீஸ்ட்' படத்தில் அவரது குரலாற்றல் வெளிப்பட்டது. மறுவருடம் வெளியான 'அலிஸ் அடம்ஸ்' படத்தின் விருந்துக் காட்சியோ அவரது நடிப்பின் தன்மைக்குத் தக்க சான்றாகும். வசதியற்ற குடும்பமொன்று, தன் மகளை விரும்பும் செல்வந்த இளைஞனின் முன் தன்னை உயர்த்திக் காட்டும் பொருட்டு ஓர் இரவுக்கு மட்டும் பணிப்பெண்ணை அமர்த்துகின்றது. புழுங்கும் அவ்விரவில், பழக்கமற்ற சீருடையுடன் சலித்த முகத்தோடு உணவு பரிமாறும் ஹற்றி, சொல்லெதனையும் துணைக்கொள்ளாமலே அக்குடும்பத்தின் போலிப் பெருமையை உடைத்துவிடுகின்றார். சிரிப்பு அவரை நோக்கித் தொடங்குகின்றது. காட்சி முடியுமுன் எசமானரை நோக்கித் திரும்பிவிடுகின்றது. 1936இன் 'ஷோ போட்' படத்திலே போல் றோப்சனுடன் இணைந்து நடித்தபோது அவரது இசைப்பயிற்சியும் பயன்பட்டது.

அவர் தோன்றிய படங்கள் ஏறத்தாழ 300 என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. அவற்றுள் அவரது பெயர் திரையிற் காட்டப்பட்டவை 80 அளவிலேயே உள்ளன. உழைப்புக்கும் அங்கீகாரத்துக்கும் இடையிலான தூரத்தை இவ்விரு எண்களும் புலப்படுத்துகின்றன.

விருதும் மேசையும்

மார்கிரட் மிச்சலின் 'கோன் வித் த வின்ட்' நாவல் 1936இல் வெளிவந்தது. தென்மாநிலங்களின் அடிமைக் காலத்தை இழந்துபோன பொற்காலமாகக் காட்டிய அந்நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் படமாக்க முன்வந்தபோது, கறுப்பினப் பத்திரிகைகளும் நிறமக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கமும் எதிர்ப்புத் தெரிவித்தன. அச்சங்கத்தின் செயலாளர் வோல்ரர் வைற் தயாரிப்பாளருடன் கடிதத் தொடர்பு கொண்டார். இவ்வெதிர்ப்புக்களின் விளைவாக, இனத்தை இழிக்கும் கடுஞ்சொல்லும், கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் பற்றிய வெளிப்படையான குறிப்பும் படத்திலிருந்து நீக்கப்பட்டன. கதையின் அடிப்படை நோக்கு மாறவில்லை.

இப்படத்தில் ஹற்றி ஏற்ற பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. செவிலியைக் குறிக்கும் 'மம்மி' என்ற அழைப்புச் சொல்லே அவளுக்குப் பெயராகின்றது. அவளுக்கென ஒரு குடும்பமோ கடந்தகாலமோ விருப்பமோ காட்டப்படவில்லை. எனினும், எழுத்துப் பிரதியில் இல்லாத ஓர் ஆளுமையை ஹற்றி அதற்கு அளித்தார். கதாநாயகியின் பொய்களை முதலிற் கண்டுகொள்பவளும், அவளை நேரில் கண்டிக்கத் துணிபவளும் மம்மியே. குழந்தை இறந்தபின், மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே அவ்வீட்டின் துயரத்தை மெலனிக்கு எடுத்துரைக்கும் நீண்ட காட்சியில், படத்தின் இறுதிப் பகுதியின் சோகம் முழுவதையும் அவர் தம் குரலிலேயே தாங்கி நிற்கின்றார்.

1939 டிசம்பர் 15ஆந் திகதி அட்லாண்டா நகரில் இப்படத்தின் முதற்காட்சி நிகழ்ந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் இனவொதுக்கற் சட்டங்கள் காரணமாகக் கறுப்பின நடிகர் எவரும் அதிற் கலந்துகொள்ளவில்லை. தென்மாநிலங்களுக்கான நினைவுமலரிலிருந்து ஹற்றியின் படமும் நீக்கப்பட்டது. முதற்காட்சியையொட்டி முதல்நாளிரவு நடைபெற்ற நடன விருந்திலோ கறுப்பினத்தவர் இருந்தனர். அடிமைகளைப் போல உடுத்துப் பாடிய தேவாலயப் பாடகர் குழுவினர் அவர்கள். அக்குழுவிலே நின்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பிற்காலத்திலே மார்ட்டின் லூதர் கிங் என உலகறியப்பட்டான். அடிமை வேடத்துடன் உள்ளே வரலாம், நடிகையாக வரக்கூடாது என்பதே அந்நகரின் விதியாக இருந்தது.

1940 பெப்ரவரி 29ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்சின் அம்பாசிடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா நடைபெற்றது. சிறந்த துணை நடிகைக்கான விருதை ஹற்றி பெற்றார். அதே படத்தில் வெள்ளை எசமானியாக நடித்த ஒலிவியா டி ஹவிலண்டும் அப்போட்டியில் இருந்தார். ஆனால், அந்த ஹோட்டல் கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளரின் வேண்டுகோளின் பேரிலேயே விழாமண்டபத்தில் நுழைய ஹற்றிக்கு இடமளிக்கப்பட்டது. படத்தின் ஏனைய நடிகர்கள் ஒரு மேசையில் அமர்ந்திருக்க, சுவரோரத்தில் இடப்பட்ட சிறு மேசையொன்றிலே அவர் அமர்த்தப்பட்டார். அங்கிருந்து எழுந்து வந்தே விருதை ஏற்று, தம் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் பெருமை சேர்ப்பவராக என்றும் விளங்க வேண்டுமென்ற அவாவைத் தெரிவித்தார். மீண்டும் அதே மேசைக்குத் திரும்பினார். விருது அவரது திறமைக்குக் கிடைத்தது. மேசை அவரது நிறத்துக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒரே இரவில், ஒரே மண்டபத்தில் வழங்குவதில் அச்சமுதாயம் எவ்வித முரண்பாட்டையும் காணவில்லை.

இரு தரப்பு வாதங்கள்

விருதின்பின் பாத்திரங்களின் தன்மை மாறியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1942இல் ஜோன் ஹியூஸ்ரன் நெறிப்படுத்திய 'இன் திஸ் அவர் லைப்' படம் ஒரு விதிவிலக்கு. சட்டம் பயில முயலும் தன் மகன், வெள்ளைப் பெண்ணொருத்தியின் குற்றத்துக்காகப் பொய்க் குற்றஞ்சாட்டப்படுவதைக் காணும் தாயாக அவர் அதில் நடித்தார். அங்கும் அவர் பணிப்பெண்தான். ஆயினும், வேலையை முடித்தபின் அழுவதற்கு ஒரு வீடும் காப்பாற்றுவதற்கு ஒரு மகனும் உள்ள பணிப்பெண்.

அதே ஆண்டில் வோல்ரர் வைற் ஹொலிவூட்டுக்குச் சென்று, கறுப்பினத்தவரை வேலைக்காரராகவும் கோமாளிகளாகவும் மட்டும் காட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு தயாரிப்பு நிலையத் தலைவர்களை வற்புறுத்தினார். உலகப்போரிலே சனநாயகத்தின் பெயராற் கறுப்பினப் போர்வீரர்கள் உயிர்துறந்த வேளையில் இக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால், தயாரிப்பாளருடன் பேசிய அவர், அப்பாத்திரங்களை நடித்து வந்த கலைஞர்களைக் கலந்தாலோசிக்கவில்லை. தம் உழைப்புக் கேலிக்குள்ளாக்கப்படுவதாகவும் தம் பிழைப்பு பறிபோவதாகவும் ஹற்றியும் அவருடைய சகாக்களும் கருதினர். பணிப்பெண்ணாக நடித்துப் பெறும் வேதனம் பணிப்பெண்ணாக இருந்து பெறும் வேதனத்திலும் பன்மடங்கு பெரிது என்ற கருத்தில் அவர் கூறியதாகப் பலரும் எடுத்தாளும் விடை, நகைச்சுவையாகத் தோன்றினும், மில்வோக்கியின் கழுவறையில் நின்ற ஒருவரின் விடை என்பதை மறத்தல் தகாது.

இவ்விரு தரப்பினரும் ஒருவர்க்கொருவர் எதிரிகள் எனக் கொள்வது பொருந்துமா? தேசிய சங்கம் புதிய மாதிரியாக முன்னிறுத்திய இளம் பாடகி லீனா ஹோர்ன் ஹொலிவூட்டுக்கு வந்தபோது, அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஆறுதலும் ஊக்கமும் அளித்தவர் ஹற்றியே என்பதை லீனாவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வரலாற்றேடுகளில் எதிரெதிராக வைக்கப்படுவோர் வாழ்க்கையில் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை.

காணி உறுதியில் ஒரு நிபந்தனை

ஹற்றியின் வாழ்வில் அதிகம் பேசப்படாத, ஆனால் எமது வினாவுக்கு மிக முக்கியமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1940களின் தொடக்கத்தில் அவர் லொஸ் ஏஞ்சல்சின் வெஸ்ட் அடம்ஸ் பகுதியிலே பெரிய வீடொன்றை வாங்கினார். நடிகைகளான லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வோட்டர்ஸ் உட்பட வசதிபெற்ற கறுப்பினத்தவர் பலர் குடியேறிய அப்பகுதி 'சுகர் ஹில்' என வழங்கலாயிற்று. அங்குள்ள காணி உறுதிகளிலோ வெள்ளையரல்லாதார் குடியிருத்தலைத் தடுக்கும் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதனைக் காட்டி வெள்ளைக் குடியிருப்பாளர் சிலர் இவர்களை வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தனர்.

ஹற்றி பணிந்து செல்லவில்லை. அயலவரைத் தம் வீட்டிற் கூட்டி ஆலோசித்து, வழக்கை எதிர்கொண்டார். தேசிய சங்கத்துடன் நெருங்கித் தொழிற்பட்ட சட்டத்தரணி லோறன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தேர்மண்ட் கிளார்க், அரசியல் யாப்பின் 14ஆம் திருத்தம் உறுதிசெய்த உரிமைகளை எடுத்துக்காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்கிலும் லோறன் மில்லர் வாதாடியவர்களுள் ஒருவராக இருந்தார்.

திரையிலே எசமானரின் வீட்டை விட்டு நீங்க விரும்பாத அடிமையாக நடித்தவர், தம் சொந்த வீட்டை விட்டு நீங்க மறுத்து நீதிமன்றம் ஏறினார். பாத்திரத்தையும் நடிகையையும் ஒன்றெனக் கொண்ட விமர்சகர்க்கு இதனிலும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. அதேவேளை, ஹற்றியின் பாத்திரங்களை எதிர்த்த இயக்கமும் ஹற்றியின் வீட்டைக் காத்த இயக்கமும் ஒன்றே என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

வானொலியும் தொலைக்காட்சியும்

1947 நவம்பரில் 'பியூலா' என்னும் வானொலித் தொடரின் தலைமைப் பாத்திரத்தை ஹற்றி ஏற்றார். இக்கறுப்பினப் பணிப்பெண் பாத்திரத்தை உருவாக்கிக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளை ஆண் நடிகர் என்பதே வானொலியின் நிலையை உணர்த்தப் போதுமானது. அவர் 1946இல் காலமானபின் இன்னொரு வெள்ளை நடிகரும் அதனை ஏற்றிருந்தார். ஆகவே, கறுப்பினப் பெண்ணின் குரலைக் கறுப்பினப் பெண்ணொருத்தியே பேசத் தொடங்கியமை ஒரு மீட்பு எனலாம். கறுப்பினத்தவர்க்கென வெள்ளையர் கற்பித்த சிதைந்த பேச்சுவழக்கைத் தாம் பேசமாட்டாரென்பதிலும் ஹற்றி உறுதியாக இருந்தார்.

1950இல் 'பியூலா' தொலைக்காட்சிக்கு வந்தது. முதலில் எத்தல் வோட்டர்ஸ் நடித்தார். அவர் விலகியபின் 1951இல் ஹற்றி அப்பாத்திரத்தை ஏற்று ஆறு நிகழ்ச்சிகளில் நடித்தார். நோய் அவரைத் தொடர விடவில்லை. லூயிஸ் பீவர்ஸ் அவ்விடத்துக்கு வந்தார். அதே ஆண்டிலே தேசிய சங்கம் இத்தொடரையும் கண்டித்தது. புதிய ஊடகம் பிறந்தபோதும் கறுப்பினப் பெண்ணுக்குப் பழைய சமையலறையே தரப்பட்டது என்பதால் அக்கண்டனம் காரணமற்றதன்று.

1952 ஒக்டோபர் 26ஆந் திகதி மார்பகப் புற்றுநோயினால் ஹற்றி காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்தின் பெறுமதி 10,000 டொலருக்கும் குறைவு. ஹொலிவூட் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட வேண்டுமென்பது அவர் விருப்பம். அம்மயானம் கறுப்பினத்தவரை ஏற்கவில்லை. ரோஸ்டேல் மயானத்திலேயே அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். தம் ஒஸ்கார் விருதை ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு உரித்தாக்கியிருந்தார்; அது பின்னர் காணாமற் போயிற்று. காலம் கடந்தே கணக்குகள் தீர்க்கப்பட்டன. 1999இல் ஹொலிவூட் மயானத்தில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2006இல் தபால் முத்திரை வெளியிடப்பட்டது. 2023இல் காணாமற் போன விருதுக்குப் பதிலாகப் புதியதொன்று பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டது. நடிப்புக்கான ஒஸ்கார் விருது பெற்ற அடுத்த கறுப்பினப் பெண்ணான வூப்பி கோல்ட்பேர்க் 1991இலேயே மேடையேறினார். இடைப்பட்ட காலம் 51 ஆண்டுகள்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாது? தேசிய சங்கத்தின் கோரிக்கை சரியானது. 'மம்மி' என்னும் உருவம் அடிமைமுறைக்கு அன்பின் முகமூடி அணிவித்தது என்பதை மறுக்க இயலாது. ஹற்றியின் நடிப்பு எத்துணைச் சிறப்புடையதோ அத்துணைக்கு அம்முகமூடியும் நம்பத்தக்கதாயிற்று என்ற கசப்பான உண்மையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அப்பாத்திரத்தை எழுதியவர், அதற்குப் பணம் முதலிட்டவர், அதனை விரும்பிப் பார்த்தவர் ஆகியோரையெல்லாம் விடுத்து, அதனை நடித்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று நியாயமாகாது. கட்டடத்தின் அமைப்பை வகுத்தவர்கள் வேறு. திறந்திருந்த ஒரே வாசலால் உள்ளே சென்றவர் வேறு.

ஒடுக்கப்பட்ட சமூகமொன்றின் கலைஞரை மதிப்பிடும்போது, அவர் எப்பாத்திரத்தை ஏற்றார் என்பதோடு நம் விசாரணை நின்றுவிடலாகாது. வேறெப்பாத்திரம் அவருக்குக் கிடைத்திருக்கும், கிடைத்ததை அவர் என் செய்தார், திரைக்கு வெளியே எதற்குப் பணிய மறுத்தார் என்பனவும் வினாவப்பட வேண்டும். இவ்வினாக்களைத் தொடுக்கும்போது ஹற்றி மக்டானியல் வீராங்கனையாகவும் தோன்றவில்லை, துரோகியாகவும் தோன்றவில்லை. அடிமைமுறையை ஒழிக்கப் போரிட்ட ஒருவரின் மகள், அடிமையாக நடித்தே உலகப்புகழ் பெற நேர்ந்த ஒரு காலத்தின் உழைப்பாளியாகவே அவர் தோன்றுகின்றார். அவரது தோல்விகளெனக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அக்காலத்தின் தோல்விகள். சுவரோரத்து மேசையிலிருந்து எழுந்து நடந்த தூரமோ அவருடையது.